முதல் டிரம்பட்டின் முன்பல்

டிரம்பட்டை வாயில் வைத்து அவர் ஊத ஆரம்பித்தால் இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு வரும் வேகத்தைப் பார்த்து, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். அதனால் அவருக்குக் கன்னத்தார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் எங்கேயோ அடையாள அட்டையில் சௌக்கியமாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றியதில்லை. முறைப்படி கற்றுக்கொண்டவர்கள் கன்னத்தை உப்பவே கூடாதாம். இதை ஒரு மகானுபாவர் அவரிடமே வந்து சொன்னார். "அப்ப காத்தை எங்கே வெச்சுக்கறது, சட்டைப் பையிலயா?" என்று கேட்டுவிட்டு இவர் மறுபடியும் உப்பினார்.

பேண்டில் அவர்தான் முதல் டிரம்பட். கல்யாணம், கடை திறப்பு, பள்ளிக்கூட விளையாட்டு விழா, சாவு என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. சிவப்புக் கோட்டு, தோளில் தங்க நூல் குஞ்சம், எல்லாருக்கும் முன்னால் நடை. அவருக்குப் பின்னால் கிளாரினெட், அதற்குப் பின்னால் சின்ன டிரம், பெரிய டிரம். கடைசியில் ஊர்ந்து வரும் காரில் மாப்பிள்ளையும் பெண்ணும். எத்தனையோ ஜோடிகளை ஊதி ஊதி வீடு சேர்த்திருக்கிறார், ஒரு ஜோடியின் முகம்கூட அவருக்குத் தெரியாது. முன்னால் போகிறவருக்குப் பின்னால் என்ன தெரியும்?

இப்படித்தான் ஒருநாள் ஒரு மாப்பிள்ளையின் போதாத வேளை. காலையிலிருந்தே கன்னத்தாருக்குத் தலை கிறுகிறுவென்று இருந்தது. அதை அவர் சட்டை செய்யவில்லை. மூச்சை அடக்கி உச்சத்துக்குப் போனால் பூமி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அந்த ஆட்டத்தில் மயங்கித்தானே இந்தத் தொழிலுக்கே வந்தார். ஆனால் தாகம் புதுசு. குடம் குடமாகக் குடித்தும் நாக்கு காய்ந்தது. குடித்ததெல்லாம் உடனே வெளியே போவேன் என்று அடம் பிடித்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் ஓடி மறைவதும், பட்டனைப் போட்டபடியே அரக்கப்பரக்க வந்து அடுத்த பாட்டை எடுப்பதும் ஊர்வலத்தின் ஒரு நிகழ்ச்சியாகவே ஆகிவிட்டது.

ஒரு முக்கில் திரும்பும்போது கண் மங்கி, ஒரு தெரு இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் நன்றாக இருந்ததற்குள் அவர் நுழைந்தார். முதல் டிரம்பட் போகிற பக்கம் பேண்டு போகும், பேண்டு போகிற பக்கம் கார் போகும். நுழைந்தது போகப் போகக் குறுகும் ஒரு முட்டுச் சந்து. சுவர் வந்து டிரம்பட்டை இடிக்கிறவரை ஊதினார். பின்னால் வந்தவர்களும் ஊதிக்கொண்டே வந்து ஒருவர் முதுகில் ஒருவர் மோதினார்கள். பெரிய டிரம்காரர் டிரம்மோடு இரண்டு சுவருக்கும் நடுவில் ஆப்பு வைத்தது போல இறுகிக்கொண்டு, கை மட்டும் ஆடுவதால் அடித்துக்கொண்டே இருந்தார். கார்க் கதவைத் திறக்க இடமில்லை. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக இறங்கி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, பெண் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

பேண்டு மாஸ்டர் கோபக்காரர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வா. பார்க்காம கோட்டுல கை வைக்காதே," என்று மட்டும் சொன்னார்.

கன்னத்தாரின் மனைவியை எல்லாரும் பார்சலம்மா என்பார்கள். பார்சல் ஆபீசில் முன் மேஜை அவருடையது. பெட்டியைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், உள்ளே இருப்பது கண்ணாடியா, மாத்திரையா, ஏற்கெனவே உடைந்துபோன கண்ணாடியா என்று சொல்லிவிடுவார். ஆபீசில் அவரிடம் பொய் சொல்லி யாரும் பார்சல் அனுப்பியதில்லை. வீட்டில் பொய் சொல்லலாமா என்று கன்னத்தார் யோசித்ததுகூட இல்லை.

மனைவியிடம் ஒரே ஒரு கடன் மட்டும் அவருக்குப் பாக்கி இருந்தது, பணக் கடன் இல்லை. இவர்கள் கல்யாணம் நல்ல சீசனில் நடந்தது. அன்றைக்குப் பேண்டு மொத்தமும் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் ஊதும் மாப்பிள்ளையும் புதுப் புடவை கட்டிய பெண்ணும் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வழியில் ஒரு தெரு நாய் மட்டும் வீடு வரை குரைத்துக்கொண்டே வந்தது. "எனக்கு வாசிச்சது நாய்தானே," என்று பார்சலம்மா அதை வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனாலும் அது கன்னத்தாருக்குச் சுருக்கென்று தைக்கும். கடைசியில் ஒருநாள் ரோஷம் தாங்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று பார்சல் ஆபீஸ் வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை முழுப் பேண்டு, முன்னால் அவரே முதல் டிரம்பட். அந்த நாள் இந்த வருஷம்தான் வருகிறது.

டாக்டர் இளவயதுப் பெண். காகிதத்தைப் பார்த்ததும் புருவம் மேலே போனது.

"சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கே. ஸ்வீட் நிறைய சாப்பிடுவீங்களா?"

"தொடறதே இல்லைங்க. கல்யாண வீட்டுல வெச்சாக்கூட பெரிய டிரம்காரர் பக்கம் தள்ளி விட்டுடுவேன்."

"டீ?"

"சர்க்கரை போடாமதான்," என்றார் பார்சலம்மா. "எங்க வீட்டுல சர்க்கரை டப்பாவே எறும்புக்காகத்தான் இருக்கு."

மாத்திரை கொடுத்தார்கள். நடக்கச் சொன்னார்கள், நடப்பதுதானே அவர் பிழைப்பு. சோற்றைப் பாதியாக்கினார்கள். அடுத்த முறை போனால் சர்க்கரை அசையவே இல்லை. மாத்திரை இரண்டானது. அதற்கும் அடுத்த முறை போனபோது அது இன்னும் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. டாக்டர் கன்னத்தாரைப் பார்த்தார். கன்னத்தார் திருதிருவென்று மனைவியைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சோதனை ஆரம்பமானது. பார்சலம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைந்தார். கோட்டைக் குலுக்கினார், ஷூவைக் குலுக்கினார், தலையணையைக் காதில் வைத்துக் குலுக்கினார். பேண்டு அறைக்கே போய், பெரிய டிரம்முக்குள் ஸ்வீட் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு அதையும் குலுக்கச் சொன்னார். பெரிய டிரம்காரர் மூச்சு வாங்கக் குலுக்கிக் காட்டினார். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வழக்கம் போல டிரம்பட் பெட்டியைத் திறந்து, துடைக்கும் துணி இருக்கிறதா, வால்வு எண்ணெய் இருக்கிறதா, டப்பா நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, குறைந்ததை நிரப்பி மூடி வைத்துவிட்டு, மறுபடி அலமாரிகளைத் துழாவப் போவார்.

"சத்தியமா நான் ஒண்ணும் திங்கலை," என்பார் கன்னத்தார்.

"திங்காம எப்படி ஏறும்? காத்துல வருதா?"

அவருக்கே குழப்பமாக இருந்தது. காற்றைத்தானே நாள் முழுக்க இழுத்து விடுகிறோம், ஒருவேளை அதில்தான் வருகிறதோ என்றுகூட ஒருநாள் யோசித்தார்.

நான்காம் முறை டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களை நான் திட்டப் போறதில்லை. உள்ளே என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு. அதுல அங்கங்க கொத்துக் கொத்தா சில செல்லுங்க. ரத்தத்துல சர்க்கரை ஏறினா அதைப் பார்த்து இன்சுலின் சுரக்கிறது அதுங்க வேலை. சாப்பிட்டப்போ ஏறும், சுரக்கும், இறங்கும், ஓய்வெடுக்கும். அதுதான் முறை. உங்களுக்குச் சர்க்கரை இறங்கறதே இல்லை. அதுங்களுக்கு ஓய்வே இல்லை. நாள் முழுக்கச் சுரந்துட்டே இருந்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"களைச்சுப் போகும். அதுக்கு மேல அந்தச் சர்க்கரையே அதுங்களுக்கு விஷமாயிடும். ஒண்ணு ஒண்ணா நின்னு போகும். நின்னதோட வேலையையும் மிச்சம் இருக்கிறது சேர்த்துப் பார்க்கணும். அதனால அது இன்னும் சீக்கிரமா நின்னு போகும்."

டாக்டர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கன்னத்தாரின் கண்ணுக்கு முன்னால் ஒரு பழைய ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பேர் காய்ச்சலில் படுத்த சமயம். வந்தவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்து ஊதினார்கள். சத்தம் குறையக்கூடாது என்று மாஸ்டர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாட்டுக்கு நடுவில் உதட்டை எடுக்க நேரமில்லை. முதலில் இரண்டாவது டிரம்பட்டுக்கு உதடு வீங்கியது, அவர் நின்றார். அவர் பங்கையும் இவர் ஊதினார், இவர் உதடும் வீங்கியது. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிளாரினெட் மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுக் கீச்சென்று வந்தது.

"பாட்டுல ஓய்வுன்னு ஒரு இடம் இருக்குங்க," என்றார் கன்னத்தார் தனக்குத்தானே. "அங்க வாயை எடுக்கணும். எடுக்கலைன்னா அடுத்த அடி வராது."

"அதேதான்," என்றார் டாக்டர். "செத்துப் போனது திரும்பாது. ஆனா எல்லாம் சாகலைன்னு நினைக்கிறேன். நிறைய வாயை மூடிட்டுச் சும்மா நிக்குது. சுமையை இறக்கினா கொஞ்சம் திரும்ப வேலைக்கு வரும். எத்தனை வரும்னு என்னால சொல்ல முடியாது. இப்படியே விட்டா ஊசிதான்."

பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்தார். "இதுல இன்னொண்ணு இருக்கு. உங்க உடம்புல எங்கேயோ ஒரு அழற்சி. அதான், ஆறாத வீக்கம். கிருமியை அடிக்க உடம்பு அனுப்பற காவல்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க, அவங்க அடி அந்தச் செல்லுங்க மேலயும் விழும். போதாததுக்கு, வீக்கம் இருக்கிற உடம்பு இன்சுலின் சொல்பேச்சைக் கேக்காது. எங்கேயாவது வலி இருக்கா?"

"வீக்கம்னா கன்னம்தான் வீங்கும். அதுவும் ஊதும்போதுதான்."

"வாயைத் திறங்க."

வாயைத் திறந்ததும் டாக்டர் சற்றுப் பின்னால் சாய்ந்தார். ஈறு முழுக்கச் சிவந்து உப்பி, விளிம்பில் ரத்தம் கட்டியிருந்தது. மேல் வரிசை முன்பல் ஒன்று நாக்கு பட்டால் அசைந்தது. அது அசைவது கன்னத்தாருக்கு முன்பே தெரியும். கைக்குட்டையில் ரத்தம் வருவதும் தெரியும். டிரம்பட்காரனுக்கு அதெல்லாம் இருக்கும் என்று சொல்லித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பல்லின் மேல்தான் ஊதுவாயை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது போனால் முதல் டிரம்பட் போச்சு, கொடுத்த வாக்கும் போச்சு. கல்யாண நாள் அடுத்த மாதம்.

பல் டாக்டர் அறையில் கன்னத்தார் டிரம்பட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பல்லைப் பிடுங்கக் கூடாது என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், வாசித்தே காட்டிவிடுவது என்று எடுத்து வந்திருந்தார். பக்கத்தில் பார்சலம்மா. பல் டாக்டர் கண்ணாடிக் குச்சியால் வாயைத் துழாவிவிட்டு ஒரு மாதிரி விழித்தார்.

"விசித்திரமா இருக்கே. ஈறு எல்லா இடத்திலயும் கெட்டிருக்கு. ஆனா சொத்தை இடது பக்கக் கடைவாயில மட்டும் குழி பறிச்சிருக்கு. அந்த இடத்துல என்ன வைப்பீங்க? புகையிலையா?"

"சேச்சே," என்றார் பார்சலம்மா. "ஒரு கெட்ட பழக்கம் கிடையாது."

"சார், அதெல்லாம் இருக்கட்டும். இந்த முன்பல்லை மட்டும் அடுத்த மாசம் வரைக்கும் விட்டுடுங்க. இது எனக்கு எவ்வளவு முக்கியம்னு கேளுங்க," என்று கன்னத்தார் எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஊதுவாயைத் துடைத்தார். இடது கையை நீட்டினார். பார்சலம்மா பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். இவர் ஒன்றை எடுத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மூச்சை இழுத்து, வெளுத்துக் கட்டினார். பக்கத்து அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் வலியை மறந்து கை தட்டினார்.

பாட்டு முடிந்ததும் பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார். "வாயில என்ன போட்டீங்க?"

"எப்போ?"

"இப்போ. ஊதறதுக்கு முன்னால."

"ஓ, அதுவா. அது கற்கண்டு," என்றார் பார்சலம்மா. "ஊதறப்போ வாய் காயாம இருக்க. எங்க பேண்டுல எல்லாரும் அடக்கிப்பாங்க. ஒரு கட்டி கரைஞ்சா இன்னொண்ணு. நான்தான் வாராவாரம் உடைச்சு..."

அங்கேயே வாய் நின்றது. கையில் திறந்த டப்பா. பார்சலம்மா டப்பாவைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார். பேயறைந்தது போல நின்றார். கன்னத்தாரின் இடது கன்னம் இன்னும் சின்னதாகப் புடைத்திருந்தது. அதைத் துப்பலாமா முழுங்கலாமா என்று தெரியாமல் அவர் அப்படியே அசடு வழிய நின்றார்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கற்கண்டு அவர்களுக்குத் தின்கிற பொருளே இல்லை. வால்வுக்கு எண்ணெய் எப்படியோ வாய்க்கு அது அப்படி. காலையில் வீட்டில் சாதகம், பிறகு பேண்டு அறையில் சாதகம், சாயங்காலம் ஊர்வலம் என்று கன்னத்தில் ஒரு கட்டி இருந்துகொண்டே இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எந்தத் தையல்காரராவது ஊசி கோக்க வாயில் வைக்கிற நூலைச் சொல்வாரா? ஷூவைக் குலுக்கிய கைதான் ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுத்துக் கற்கண்டை உடைத்து டப்பாவை நிரப்பியது. ஊரார் பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் கண்டுபிடிக்கும் பார்சலம்மா தன் கையாலேயே அனுப்பிய பார்சலைக் குலுக்கிப் பார்க்கவில்லை.

முதலில் சிரிப்பு பார்சலம்மாவுக்குத்தான் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கன்னத்தாரும் சிரித்தார், கற்கண்டு தெறித்துப் பல் டாக்டரின் மேஜையில் விழுந்தது. அவரும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பார்சலம்மாவின் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. "நானே உங்களுக்கு ஊட்டியிருக்கேனே," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

"நீ உடைச்சே, நான் அடக்கிட்டேன். பாதிப் பாதி," என்றார் கன்னத்தார்.

கற்கண்டு அன்றோடு போனது. தண்ணீர் பாட்டில் வந்தது. ஈறை ஆழமாகச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தன் கன்னத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். மறுநாள் பேண்டு மொத்தமும் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றது. பெரிய டிரம்காரரும் நின்றார். டிரம் அடிக்கிறவர் வாய்க்கு எதற்குக் கற்கண்டு என்று கேட்டதற்கு, எல்லாரும் அடக்கிக்கொள்ளும்போது நாம் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்குமா என்றார்.

ஆனால் முன்பல் மிச்சமிருந்தது. அதன் வேரைச் சுற்றிச் சீழ். பல் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "கம்பி போட்டு இறுக்கிக் கட்டித் தரேன், அந்த ஒரு நாள் ஊதலாம். ஆனா அது வரைக்கும் சீழ் உள்ளேயே இருக்கும், வீக்கம் அடங்காது. இப்பவே எடுத்தா எல்லாம் ஆறும். ஆனா அன்னிக்கு நீங்க ஊத முடியாது."

பார்சலம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "எனக்கு ஊர்வலம் வேண்டாம். பல்லை எடுத்துடுங்க," என்றார். கன்னத்தார் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் ஊதிவிட்டு, ஒரே ஒருத்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாவிட்டால் தான் என்ன மனுஷன் என்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் தனியாக உட்கார்ந்து டிரம்பட்டைத் துடைத்தபோது டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நிறைய வாயை மூடிட்டுச் சும்மா நிக்குது. எத்தனையோ செல்கள், இன்னும் சாகாமல், உதடு வீங்கி, எப்போது ஓய்வு வரும் என்று மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே மாஸ்டர் இவர்தான். இவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். டிரம்பட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த பார்சலம்மா, மேஜை மேல் இருந்த டப்பாவைச் சும்மா பழக்கத்தில் குலுக்கினார். கடகடவென்றது. அவ்வளவுதான், ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"உங்களுக்கு வெட்கமே கிடையாதா? சுத்தமாக் கழுவி வெச்ச டப்பா. ஒரே ஒரு கட்டி. நல்ல பெரிய கட்டி. சத்தத்துலயே தெரியுது. யார் வாங்கிக் குடுத்தா? பெரிய டிரம்மா?"

கன்னத்தாரின் வாயில் பஞ்சு இருந்தது. திறந்து பார் என்று கையைக் காட்டினார்.

உள்ளே பல் இருந்தது.

பார்சலம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குலுக்கில் தப்பாகச் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கன்னத்தார் கூச்சத்தோடு சிரித்தார். பஞ்சுக்கு நடுவில் புது ஓட்டை தெரிந்தது. பார்சலம்மா எழுந்து வந்து அவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார், ரொம்ப நேரம் விடவில்லை.

கல்யாண நாளுக்கு முந்தின வாரம் ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இறங்கியிருக்கு. முழுசா தெரிய இன்னும் சில மாசம் ஆகும், இப்பவே ஆட வேண்டாம். ஆனா ஒரு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். உள்ளே கொஞ்சம் பேர் எழுந்து வந்திருக்காங்க." கன்னத்தார் ஆட வேண்டாம் என்ற இடத்தை மட்டும் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்சலம்மாவின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். தலை கிறுகிறுத்தது. இந்தக் கிறுகிறுப்பு வேறு, இதற்கு மாத்திரை வேண்டாம்.

மாஸ்டர் இன்னொரு முதல் டிரம்பட்டைத் தேடவில்லை. "உன் இடத்துல வேற ஆளை நிறுத்த மாட்டேன். உன் அடி வர்ற இடத்துல நாங்க சும்மா இருப்போம்," என்று சொல்லிவிட்டார். அப்படியே செய்தார்கள். பார்சல் ஆபீஸ் வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு பேண்டு வரிசையாக நின்றது, முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் காலி. ஆபீசில் இருந்தவர்கள் மேஜைகளை விட்டு வெளியே வந்தார்கள். பேண்டுக்குப் பின்னால், மாப்பிள்ளையும் பெண்ணும் வர வேண்டிய இடத்தில், கன்னத்தார் மனைவியின் பக்கத்தில் நின்றார். கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

டிரம் எழுந்தது, கிளாரினெட் எழுந்தது, ஊர்வலம் நகர்ந்தது. முதல் டிரம்பட் உள்ளே வர வேண்டிய இடம் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். தெரு சட்டென்று ஓட்டையாகிப் போனது. ஊதாமலே கன்னத்தாரின் கன்னம் இரண்டும் தானாக உப்பின.

அப்போதுதான் அந்த ஓட்டையில் ஒரு குரல் கேட்டது. "தா ரரரா தரரா ரா."

பார்சலம்மா பாடினார். சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இத்தனை வருஷமாக அவர் காதில் விழுந்த அதே அடி, ஒரு சுரம் பிசகவில்லை. கையில் டப்பா. பல் கடகடவென்று தாளம் போட்டது. மாஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார், பேண்டு மொத்தமும் அந்தக் குரலுக்குப் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு வந்தது. அடுத்த ஓட்டையிலும் பாடினார், அதற்கு அடுத்ததிலும் பாடினார். கூச்சமெல்லாம் போய்த் தொண்டை கிழியப் பாடினார். மாடியிலிருந்து பார்த்தவர்கள் கூடவே தரரா போட்டார்கள். பெரிய டிரம்காரர் குதிக்கவே ஆரம்பித்துவிட்டார். வீட்டு வாசலுக்கு வந்ததும் கடைசி உச்ச சுரம். பார்சலம்மா எட்டிப் பிடிக்கப் போனார், குரல் கீறிக்கொண்டு எங்கோ போனது. அதைக் கேட்டு எதிர்ச் சாரியில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து நின்று குரைத்தது. ஊர்வலமே சிரித்தது.

கன்னத்தாரால் மட்டும் சிரிக்க முடியவில்லை. "இன்னிக்கும் உனக்கு நாய்தான் வாசிச்சுது," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "நான் ஊதியிருக்கணும். வாக்குக் கொடுத்தேன்."

பார்சலம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "ஊதியிருந்தா நீங்க முன்னால போயிருப்பீங்க. வழி முழுக்க உங்க முதுகைத்தானே பார்த்துட்டு வந்திருப்பேன்? ஜன்னலைப் பார்த்து சாதகம் பண்ற முதுகுதான் வீட்டுல தினமும் தெரியுதே. அன்னிக்கும் பக்கத்துலதான் வந்தீங்க, இன்னிக்கும் பக்கத்துலதான் வந்தீங்க. எனக்கு முகம் தெரிஞ்சுது. போதும்."

அழுகையை அடக்கக் கன்னத்தார் இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டார். பார்சலம்மா டப்பாவை ஒரு தரம் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.